மாமனார் படத்தின் மேல் உருளும் குண்டு

பல்லால் கடித்துப் பார்க்காமல் பர்னபாஸ் ஈயம் வாங்குவதில்லை. கிழிந்த வலைகளைப் பிரித்துப் போட்டிருக்கும் கரையில் குத்தவைத்து உட்கார்ந்து, நூலில் கோத்த பழைய வலைக்குண்டு ஒன்றை உருவி, கடைவாய்ப் பல்லுக்கு நடுவே வைத்து ஓர் அழுத்து அழுத்துவார். பிறகு அதை வெளியே எடுத்து, பல் பதிந்த தடத்தை வெயிலில் காட்டிப் பார்ப்பார். தடம் ஆழமாக இருந்தால் குண்டுகள் அத்தனையும் அவருடைய வேட்டி மடிக்குள் போய்விடும். ஆழமில்லை என்றால் விற்பவனிடம் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்துவிடுவார். "பேட்டரித் தகட்ட உருக்கி ஊத்திருக்கான், தம்பி. அது ஈயம் இல்ல, கருங்கல்லு" என்று என்னிடம் மட்டும் சொல்வார். ஈயம் விஷம் என்று டாக்டர் அவரை எச்சரித்திருக்கிறார். தான் கடிப்பதுதான் உண்டு, விழுங்குவதில்லை என்று இவர் டாக்டருக்கே விளக்கம் சொல்லிவிட்டு வந்தார்.

திரேஸ்புரத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். வயது ஐம்பத்து நான்கு. கொல்லையில் அடுப்பு வைத்து ஈயத்தை உருக்கி, மீன் வலைகளுக்குக் குண்டு வார்த்துக் கொடுப்பது தொழில். குண்டு என்றால் புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிதாக, நடுவில் நூல் கோக்கத் துளையோடு இருக்கும். அச்சின் நடுவே ஒரு கம்பியைச் செருகி, அதன்மேல் ஈயத்தை ஊற்றி, ஆறியதும் கம்பியை உருவினால் துளை தயார். முப்பது வருடமாகச் செருகி உருவிய கை. மத்தியானம் வரை இந்த வேலை. சாப்பிட்டு எழுந்த பிறகு அவர் வேறு மனிதர். அப்போது வார்க்கிற குண்டு வலைக்கு இல்லை, துப்பாக்கிக்கு.

துப்பாக்கி மாமனார் வழியில் வந்த ஒற்றைக் குழல். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகளைக் குவித்து அழுகப் போடும் கொட்டடிக்கு அந்த மாமனார்தான் காவல். துப்பாக்கியை அவர் ஆயுளில் ஒரே ஒரு முறை, அதுவும் பருந்தைப் பார்த்துச் சுட்டார் என்றும், பருந்து அதைக் கவனிக்கவில்லை என்றும் குடும்பத்தில் சொல்லிக்கொள்கிறார்கள். மகள் பிலோமியைக் கட்டிய மருமகனுக்குத் துப்பாக்கியும், கோட்டுப் போட்டு மீசை முறுக்கிய தன்னுடைய கண்ணாடிச் சட்டம் போட்ட படம் ஒன்றும் விட்டுப் போனார். பர்னபாஸ் இரண்டையும் பயன்படுத்துகிறார். படத்தை எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

பயிர்க் காவலுக்கென்று கொடுத்த லைசென்ஸ் அது. பயிர் இருப்பது மாப்பிள்ளையூரணியில், பிலோமி பேரில் உள்ள துண்டு நிலத்தில். பதினொரு பனையும் மிச்சத்துக்கு முள்ளும்தான் அங்கே விளைகின்றன. லைசென்ஸைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் உங்கள் பனையை எந்த மிருகம் வந்து மேய்கிறது என்று கிளார்க் கேட்பாராம். "இதுவர எதுவும் வரல சார். வந்துட்டா என்ன செய்ய?" என்பது பர்னபாஸின் பதில். கிளார்க் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு முத்திரை குத்துவார். போன வருடம் தேர்தல் வந்தபோது எல்லாத் துப்பாக்கிகளையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் கிடக்கும் சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறவர் மாதிரி, வாரம் ஒரு நாள் சின்ன எண்ணெய்க் குப்பியோடு அங்கே போய்த் துப்பாக்கியைத் துடைத்துவிட்டு வந்தவர் இந்த ஊரில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். உப்புக் காற்றில் இரும்பு ஒரு வாரத்தில் துருப் பூத்துவிடும் என்று அவர் கவலைப்பட்டதில் நியாயம் உண்டு.

கடையில் கிடைக்கும் தோட்டாவில் பொடி ரவைகள் இருக்கும். கொக்குக்கும் காடைக்கும் அவை போதும். பர்னபாஸுக்குப் போதவில்லை. பொடி ரவைக்குப் பதிலாக ஒரே ஒரு பெரிய குண்டு, அதுவும் குறி வைத்த இடத்துக்கே நேராகப் போகிற குண்டு வேண்டும் என்று ஆசைப்பட்டார். ரைபிள் வைத்திருப்பவர்கள் இப்படி ஆசைப்படலாம். அதன் குழலுக்குள் திருகாணியில் இருப்பதுபோல் புரி வெட்டியிருக்கும். இவருடைய குழல் உள்ளே வழுவழுவென்று இருக்கும். "ரைபிள்ல குண்டு சுத்திக்கிட்டே போவும், அதனால நேராப் போவும். நம்ம குழல்ல குண்டு சும்மா போவும். சும்மா போறவன் எங்கன வேணாலும் போவாம்லா?" என்று எனக்குப் பாடம் நடத்தினார். அப்படிச் சும்மா போகிறவனை ஒழுங்காகப் போக வைக்கத்தான் ஒன்பது வருடம் பாடுபட்டார்.

ஊருக்குள் சுட முடியாது. இதற்கு இடம் கொடுத்தவர் ஓட்டப்பிடாரத்துக்கு அப்பால் உள்ள சங்கரலிங்கம். அறிமுகம் பஸ்ஸில் நடந்தது. பழைய போர்வையில் சுற்றித் துப்பாக்கியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு போனவரைப் பார்த்து, பக்கத்து இருக்கைக்காரரான சங்கரலிங்கம், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு வாசிக்கப் போகிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். நாயனம் இல்லை, துப்பாக்கி என்று தெரிந்ததும் மரியாதை இன்னும் கூடிவிட்டது. அவருக்குக் கிணற்றுப் பாசனத்தில் நாலு ஏக்கர் கடலை. அதைத் தாண்டி ஒரு தரிசும் கண்மாய்க் கரையும். தரிசில் எவ்வளவு வேண்டுமானாலும் சுட்டுக்கொள்ளலாம், என்றைக்காவது குண்டு சரியாகிவிட்டால் கடலையைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றியை ஒரு கை பார்த்துத் தர வேண்டும் என்பது ஒப்பந்தம்.

முதல் வருடத்துக் கதையைப் பர்னபாஸ் தானாகச் சொல்ல மாட்டார். பிலோமி சொல்லித்தான் தெரியும். துப்பாக்கிக்கென்று புது அச்சு செய்து, நல்ல உருண்டையாகக் குண்டு வார்த்தார். ஆனால் வார்த்தது யார் கை? அது பாட்டுக்கு நடுவில் கம்பியைச் செருகிவிட்டது. துப்பாக்கிக் குண்டுக்குத் துளை எதற்கு என்று அந்தக் கைக்கும் தோன்றவில்லை, அதன் சொந்தக்காரருக்கும் தோன்றவில்லை. சுட்டதும் குண்டு ஊய்ய்ய் என்று ஊளையிட்டபடி தரிசைத் தாண்டிப் போயிற்று. சங்கரலிங்கத்தின் நாய் இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. வெடிமருந்து குறைவோ, காற்று காரணமோ என்று ஒரு வருடம் முழுக்க எல்லா சனிக்கிழமையும் ஊளைக் குண்டாகவே சுட்டுத் தள்ளினார். கடைசியில் பிலோமிதான் ஒரு குண்டைக் கையில் எடுத்து, "இதுல நூலு கோத்து வலையில கட்டப் போறியளா?" என்று கேட்டாள். அன்றைக்கு அவர் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்யாதது எதுவும் இல்லை. நீளக் குண்டு வார்த்தார். அது பறக்கும்போதே கவிழ்ந்து, குறிப்பலகையில் சாவித் துவாரம் மாதிரி ஓட்டை போட்டது. பின்னால் வால் இருந்தால் கவிழாது என்று வலை மிதப்பைச் செதுக்கி ஒட்டினார். மூழ்குவதற்கென்றே பிறந்த ஈயமும் மிதப்பதற்கென்றே பிறந்த கட்டையும் வழியிலேயே பிரிந்து தனித்தனியாகப் போயின. மூடிவிட்ட அச்சகம் ஒன்றிலிருந்து தேய்ந்த எழுத்துகளை வாங்கி உருக்கிப் பார்த்தார். உயிரும் மெய்யும் கலந்து வார்த்த குண்டு என்பதால் எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. அது பலகையிலேயே படவில்லை. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். தேதி, ஈயம் எங்கே வாங்கியது, அன்றைக்கு அடித்த காற்று கச்சானா கொண்டலா வாடையா, காலால் அளந்தால் எத்தனை எட்டு தூரம், முடிவு என்ன என்று வரிசையாக இருக்கும். முடிவு என்ற இடத்தில் பக்கம் பக்கமாக ஒரே வாசகம்: "பலகைக்கு வெளியே."

இனி மாமனார் படம். குண்டு நல்ல உருண்டையா என்று பார்க்கச் சமதளமான கண்ணாடி வேண்டும். வீட்டில் உள்ள பெரிய கண்ணாடி அந்தப் படத்தின் மேல்தான் இருக்கிறது. எனவே படத்தைக் கழற்றி மேசையில் படுக்க வைத்து, மீசைப் பக்கமிருந்து ஒவ்வொரு குண்டாக உருட்டிவிடுவார். கோணாமல் நேராக ஓடி எதிர்ச் சட்டத்தில் முட்டினால் தேர்ச்சி. நடுவில் திரும்பினால் மறுபடி உருக்கும் சட்டிக்குப் போக வேண்டும். "எங்கப்பா உசிரோட இருந்தப்பவும் மருமகனுக்கு வளஞ்சுதான் குடுத்தாவ" என்பாள் பிலோமி. ஆனாலும் படத்தை அவர் தொட அவள் விடுவதில்லை. கழற்றுவதும் முந்தானையால் துடைத்து மாட்டுவதும் அவள்தான். அவளுக்கு மனமில்லாத நாளில் சோதனை இல்லை.

விடிவு பிறந்தது போன வருடக் கடைசியில். துறைமுகப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் கிளாட்வின் என்ற கடைசல்காரர், இவர் தொல்லை தாங்காமல், இரண்டு பாதியாகத் திறக்கும் இரும்பு அச்சு ஒன்றைக் கடைந்து கொடுத்தார். கம்பி செருக அதில் வழியே கிடையாது. கையை நம்ப முடியாது என்று பர்னபாஸே அப்படிக் கேட்டு வாங்கினாராம். அதில் விழுந்த குண்டுகள் மாமனார் மேல் தண்டவாளத்தில் ஓடுவது போல ஓடின. தரிசில் அறுபது காலெட்டுக்கு அப்பால் உடைந்த வள்ளத்தின் பலகையை நிறுத்தி, பிலோமியின் தோசைச் சட்டி மூடியை வைத்துக் கரியால் வட்டம் போட்டு, ஐந்து குண்டு சுட்டார். ஐந்தும் வட்டத்துக்குள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் பலகையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "நெசமாத்தானே?" என்றார். அந்த ஒரு கேள்விக்காகவே அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. பலகையை அறுத்து எடுத்து வந்து மாமனாருக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதைப் பார்த்தாக வேண்டும். தபால்காரர் இரண்டு முறை பார்த்துவிட்டார்.

சங்கரலிங்கத்துக்கு அது சரியான சமயம். சில வருடங்களாகவே கண்மாய்க்குள் வேலிக்காத்தான் முள் மண்டி, பன்றிகள் உள்ளேயே குடும்பம் நடத்தப் பழகிவிட்டன. இரண்டு வருடக் கடலையை அவையே அறுவடை செய்துகொண்டன. தகரம் தட்டியும் வெடி போட்டும் பார்த்தாயிற்று. இந்த வருடமும் போனால் வீட்டைப் பூட்டிவிட்டு உப்பளத்துக்கு வேலைக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை என்று அவருடைய மனைவி சீனித்தாய் சொல்லிவிட்டாள். வேட்டைக்கும் காகிதம் வேண்டும் என்று புதுச் சட்டம் வந்திருக்கிறது அல்லவா? சங்கரலிங்கம் பல நாள் அலைந்து அனுமதி வாங்கினார். அனுமதி ஒரே ஒரு பன்றிக்கு. ஒற்றைக் குண்டுக்காரருக்கு அதுவே போதும் என்று பர்னபாஸ் பெருமையாகச் சொன்னார்.

மாசி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை வரப்போரம் படுத்திருந்தோம். வாடை முகத்தில் அடித்தது. நிலம் வெளுக்கத் தொடங்கியபோது கூட்டத்தின் தலைப் பன்றி மூக்கால் மண்ணைக் கிளறிக்கொண்டே வந்தது. பர்னபாஸ் சிலுவை போட்டுக்கொண்டு சுட்டார். பன்றி அந்த இடத்திலேயே சாய்ந்தது. மற்றவை ஓடிவிட்டன. எல்லாரும் பன்றியைப் பார்க்க ஓடினோம். இவர் மட்டும் படுத்திருந்த இடத்திலிருந்து ஒரே சீராக எட்டு வைத்து, உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டே வந்தார். எழுபத்து இரண்டு. அதை நோட்டில் எழுதிய பிறகுதான் பன்றியைப் பார்த்தார். பார்த்ததும் முகம் கொஞ்சம் சுருங்கிற்று. "பெரிய உசிருதான்" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் கூட்டம் திரும்பி வந்தது. கூடவே வேறொரு கூட்டமும் வந்தது. தலைவரை இழந்த துக்கம் எதுவும் அவற்றிடம் தெரியவில்லையாம்.

வெள்ளிக்கிழமை காலையில் சங்கரலிங்கமும் சீனித்தாயும் பஸ் ஏறிப் பர்னபாஸ் வீட்டுக்கே வந்தார்கள். நானும் அங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். புகழத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பர்னபாஸ் அவர்களைப் பலகைக்கு முன்னால் நிறுத்தி, எந்த ஓட்டை முதல் குண்டு, எது இரண்டாவது என்று விளக்க ஆரம்பித்தார். சீனித்தாய் மஞ்சப்பையைக் கவிழ்த்துத் தரையில் கொட்டினாள். வேரோடு பிடுங்கிய கடலைச் செடிகள். ஒன்றிலும் காய் இல்லை. நாலு ஏக்கரில் இனி மிச்சம் ஒன்றரைதான் என்றாள்.

"அண்ணாச்சி, நீங்க அடிச்சது ஒண்ணு. நேத்து வந்தது பதினெட்டு. அடிக்கிற குண்டு எனக்கு வேண்டாம். மொத வருசம் கத்திக்கிட்டே போச்சுல்லா, அந்தக் குண்டத் தாங்க."

சங்கரலிங்கம் பதறிப்போய் "ஏளா, சும்மா இரி" என்றார். அவள் சும்மா இருக்கவில்லை. பர்னபாஸ் ஊளைக் குண்டு சுட்ட அந்த ஒரு வருடம் மட்டும் கண்மாய்ப் பக்கமிருந்து ஒரு பன்றிகூட வரவில்லை. சாமிக்கு நேர்ந்த கிடாய்தான் காப்பாற்றியது என்று புருஷன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். துளை நின்ற மறு வருடம் பன்றி வந்தது, கிடாய் வெட்டியும் வந்தது. இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று நான் கேட்டேன். என்னிடம் யார் கேட்டார்கள் என்றாள் சீனித்தாய்.

பர்னபாஸின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இத்தனை வருடமாக எந்தச் சத்தத்தை மறக்க இந்த மனிதர் பாடுபட்டாரோ, அதையே ஒருத்தி வீடு தேடி வந்து கேட்கிறாள்.

"அது குண்டு இல்ல, தாயி. அது என் கைப்பிசகு" என்றார் மெதுவாக.

"பிசகோ என்னமோ, கடலை வெளஞ்சுது" என்றாள் அவள்.

அப்படியானால் கொல்லையில் கிடக்கும் வலைக்குண்டிலேயே நாலைந்தை எடுத்துக் கொடுங்களேன் என்று சங்கரலிங்கம் சமாதானம் சொல்லப் பார்த்தார். பர்னபாஸுக்குக் கோபம் வந்துவிட்டது. வலைக்குண்டு ஒன்றைப் போல ஒன்று இராது, கண்ட பக்கம் திரும்பும், வயலில் ஆள் நிற்கும், அதைத் தன் குழலில் போட மாட்டேன் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். கண்மாய்க் கரையைப் பார்த்துச் சுட்டால் கரையில்தான் போய்ப் பட வேண்டும். அதற்கு நேராகப் போகிற குண்டு வேண்டும். நேராகப் போகிற குண்டு கத்தாது. சங்கரலிங்கம் குனிந்து செடிகளைப் பொறுக்கிப் பைக்குள் போடத் தொடங்கினார். உப்பளத்தில் யாரைப் பார்த்துப் பேசலாம் என்று என்னிடம் கேட்டார்.

அப்போது அடுப்படியிலிருந்து பிலோமி வந்தாள். அப்பா படத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து மேசையில் படுக்க வைத்துவிட்டு, சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

பர்னபாஸ் அவளையே சற்று நேரம் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து, கிளாட்வின் அச்சில் வார்த்த குண்டுகள் இருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வந்தார். ஒவ்வொன்றாக உருட்டினார். நேராக ஓடியவற்றில் ஆகச் சரியாக ஓடிய ஒன்றைத் தனியே எடுத்து வைத்தார். வலைக்குண்டில் துளை அடைத்துப்போனால் திறக்க வைத்திருக்கும் கைத்துரப்பணத்தை எடுத்து, அதன் நுனியைக் குண்டின் உச்சியில் நிறுத்தி ஒரு நொடி தயங்கினார். பிறகு சுற்றத் தொடங்கினார். ஈயச் சுருள்கள் மாமனாரின் கோட்டு மேல் உதிர்ந்தன.

துளை மறுபக்கம் வந்ததும் குண்டை வேட்டியில் துடைத்து, உதட்டருகே பிடித்து ஊதினார். மெல்லிய சத்தம் ஒன்று வந்தது. நிமிர்ந்து சீனித்தாயைப் பார்த்தார்.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம்" என்றாள்.

பர்னபாஸ் துரப்பணத்தை மறுபடியும் கையில் எடுத்தார்.